குரோம் போட்டும் துரு வருகிறது: காப்பாற்றுவது நிக்கலா, குரோமியமா?

கேள்வி கேட்டவர்: கேஜிஎஃப்_பையன், சி.வி.ராமன் நகர், பெங்களூரு

எல்லோருக்கும் வணக்கம். அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது வாங்கிய 1984 யெஸ்டி பைக் இப்போது என்னிடம் இருக்கிறது. 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு ராபர்ட்சன்பேட்டை வீட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி. போன வருடம்தான் டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். எஞ்சின் வேலை முடிந்தது. ரெண்டு சைலன்சர், ரெண்டு மட்கார்டு, கிராஷ் கார்டு எல்லாவற்றையும் புதிதாக குரோம் போட ஒரு கடையில் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். "ட்ரிபிள் குரோம் சார், பத்து வருஷம் அசையாது" என்றார். வாங்கி வந்த அன்று மட்கார்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருந்தது.

ஒரே ஒரு மழைக்காலம். மட்கார்டு முழுக்க குண்டூசி முனை அளவில் செம்புள்ளிகள். விரல் வைத்துத் தடவினால் சொரசொர என்கிறது. கடைக்காரரிடம் திரும்பப் போனால், "மேலே இன்னும் கெட்டியா குரோம் ஏத்திடலாம், பாதிக் காசு கொடுங்க" என்கிறார்.

மகள் செகண்ட் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கிறாள். நிக்கலையும் குரோமியத்தையும் ஒப்பிட்டு நோட்டில் அட்டவணை போட்டிருக்கிறாள். கடினம் குரோமியத்துக்கு 8.5, நிக்கலுக்கு 4. உருகுநிலை 1907 டிகிரி, 1455 டிகிரி. "எல்லாத்துலயும் குரோமியம்தான்ப்பா ஜெயிக்குது, அதையே கெட்டியா போடச் சொல்லு" என்கிறாள். கடைக்காரரும் மகளும் ஒரே கட்சி. எனக்கு மட்டும் எங்கேயோ இடிக்கிறது. அவ்வளவு பலசாலி உலோகத்தைத் தாண்டி துரு எப்படி வந்தது? நடுவில் நிக்கல் எதற்கு?

*

பதில்: பீன்யா_டேங்க்

தம்பி, முதலில் அந்தப் பாதிக் காசைக் கொடுக்காதீர்கள்.

பீன்யாவில் சின்னதாக ஒரு பிளேட்டிங் கடை வைத்திருக்கிறேன். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீராமபுரத்தில் குடியேறி 31 வருடம் ஆகிறது. அதில் முதல் ஒன்பது வருடம் அடுத்தவர் கடையில் ஜிக் (பீஸ்களை டேங்கில் தொங்கவிடும் சட்டம்) கட்டிய கை இது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

உங்கள் மட்கார்டில் கண்ணுக்குத் தெரிகிற குரோமியம் எவ்வளவு தடிமன் தெரியுமா? 0.3 மைக்ரான் இருந்தால் அதிகம். ஒரு தலைமுடியை 70 மைக்ரான் என்று வையுங்கள், அதில் இருநூறில் ஒரு பங்கு. குரோம் டேங்கில் பீஸ் இருப்பதே மூன்று நிமிடம்தான். அதற்கு முன்னால் நிக்கல் டேங்கில் அரை மணி நேரத்துக்கு மேல் தொங்க வேண்டும். மழையில் நனைகிற இரும்புக்கு 25, 30 மைக்ரான் நிக்கல் ஏற வேண்டும். சதுர டெசிமீட்டருக்கு 4 ஆம்பியர் கொடுத்தால் நிமிடத்துக்கு முக்கால் மைக்ரான் ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 40 நிமிடம். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டால் ஏழு, ஏழரை மைக்ரான். ஆனால் பளபளப்பு ரெண்டிலும் ஒன்றுதான்! பிரைட்னர் (பளபளப்பு மருந்து) ஊற்றிய டேங்கில் பத்தாவது நிமிடத்திலேயே கண்ணாடி மாதிரி வந்துவிடும். அந்த இடத்தில்தான் கடைக்காரனுக்குக் கை அரிக்கும். நிக்கல் விலை அப்படி. 2022 மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வர்த்தகத்தையே நிறுத்தினார்கள். அந்த வாரம் எனக்குச் சரக்குப் போடுகிறவர் போனையே எடுக்கவில்லை.

'ட்ரிபிள் குரோம்' என்பது மூன்று தடவை குரோம் இல்லை. தாமிரம், நிக்கல், குரோம் என்று மூன்று அடுக்கு. கேட்கிறவர் மூன்று கோட் குரோம் என்று நினைத்துக்கொண்டால் யாரும் திருத்துவதில்லை.

சரி, துரு எப்படி வந்தது? குரோமியம் கடினம்தான், உங்கள் பெண் எழுதியது சரி. ஆனால் டேங்கில் படியும்போதே அது உள்ளுக்குள் விறைத்துக்கொள்கிறது. அரை மைக்ரானைத் தாண்டினால் தானாகவே வெடிப்பு விடும், காய்ந்த ஏரி மண் மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்பில் தெரியும். அதைவிட மெல்லிசாக இருந்தாலும் நுண் ஓட்டை இருக்கும். வெடிப்போ ஓட்டையோ, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கினால் அடியில் நிக்கல் தடுக்க வேண்டும். நிக்கல் மிருது. வளைந்து கொடுக்கும், இடைவெளி இல்லாமல் மூடும். ஆனால் மெல்லிசாகப் போட்டால் அதிலும் ஊசி ஓட்டை இருக்கும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கலுக்கு அந்த நல்ல குணம் கிடையாது. ஓட்டை வழியாகத் தண்ணீர் போனால் நிக்கல் கைகட்டி நிற்கும், இரும்புதான் கரையும். அதுவும் சுற்றி இருக்கும் நிக்கல் முழுவதற்கும் சேர்த்து அந்த ஒரு புள்ளியில் கரையும். அதனால்தான் பரவலாகத் துரு வராமல் குண்டூசி குண்டூசியாகக் குத்தி வருகிறது. நல்ல கடைகளில் நிக்கலையே ரெண்டு டேங்கில் போடுவார்கள். முதலில் செமி பிரைட், மேலே பிரைட். மேல் அடுக்கில் கந்தகம் கொஞ்சம் இருப்பதால் அரிப்பு அதற்குள்ளேயே பக்கவாட்டில் ஓடும், கீழே இறங்கத் தாமதமாகும்.

பழைய குரோம் மேல் குரோம் ஏற்றுவதையும் மறந்துவிடுங்கள். குரோமியம் காற்றுப் பட்டதும் மேலே ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். பத்து வருடம் ஆனாலும் மங்காமல் இருப்பது அந்தத் தோலால்தான், அடுத்த கோட் ஒட்டாமல் உரிவதும் அதனால்தான். பழையதை முழுக்க உரித்து, பஃப் அடித்து, தாமிரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் உங்கள் வண்டியிலேயே சாட்சி இருக்கிறது. முன் ஃபோர்க்கின் உள் பைப்பைப் பாருங்கள். அது ஹார்ட் குரோம். அடியில் நிக்கல் இல்லை, இரும்பு மேலேயே நேராகப் போடுவது. தடிமன் மட்கார்டு குரோமைப் போல எத்தனையோ மடங்கு இருக்கும். ஆயில் சீல் ஏறி இறங்கினாலும் தேயாது. அதற்காகத்தான் அது. ஆனால் வண்டி கிடப்பில் கிடந்தால் அந்தக் கெட்டிக் குரோமிலும் மச்சம் மச்சமாகத் துரு குத்தியிருக்கும். உங்கள் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது என்கிறீர்கள். ரப்பர் பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

*

பதில்: வேதியியல்_அக்கா, அல்சூர்

பீன்யா அண்ணா சொன்னதற்கு மேல் கடைப் பக்கம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பியூசி பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், அதனால் நோட்டுப் பக்கம் மட்டும்.

உங்கள் மகளின் அட்டவணையில் எண்கள் சரி, காரணம்தான் இல்லை. குரோமியம் 24-வது தனிமம், வெளிக்கூட்டில் 3டி5 4எஸ்1. ஆறு எலக்ட்ரானும் ஜோடி இல்லாமல் தனித்தனியாக நிற்கின்றன. ஆறும் பிணைப்பில் கைகோக்கலாம், அதனால் உருகுநிலை அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. நிக்கல் 28, 3டி8 4எஸ்2. டி கூட்டில் ரெண்டு மட்டுமே தனியாள். பரீட்சையில் குரோமியத்துக்கு 3டி4 4எஸ்2 என்று எழுதி ஒவ்வொரு வருடமும் பாதி வகுப்பு மதிப்பெண் இழக்கும். இதை மட்டும் சுவரில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.

நிறத்தை அட்டவணையில் சேர்த்தாளா? குரோமியத்தின் பெயரே கிரேக்கத்தில் நிறம் என்கிற சொல்லிலிருந்து வந்தது. 1797-ல் பிரான்சில் வோக்லென் சைபீரியாவின் சிவப்பு ஈயத் தாதுவில் இதைக் கண்டார். மாணிக்கத்தின் சிவப்பும் மரகதத்தின் பச்சையும் ரெண்டுமே குரோமியத்தின் வேலை. கல் மாறினால் அதே அயனி வேறு நிறம் காட்டும். நிக்கலின் பெயரோ வசவு. ஜெர்மன் சுரங்கக்காரர்கள் தாமிரம் என்று நம்பி உருக்கிய தாதில் தாமிரம் வரவே இல்லை. ஏதோ குட்டிச்சாத்தான் வேலை என்று 'குப்ஃபர்நிக்கல்' என்று திட்டினார்கள். 1751-ல் ஸ்வீடனின் குரோன்ஸ்டெட் அதிலிருந்து புது உலோகத்தைப் பிரித்தார், திட்டு மட்டும் தங்கிவிட்டது.

காந்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். நிக்கல் அறை வெப்பத்தில் காந்தத்தில் ஒட்டும், குரோமியம் ஒட்டாது. தாத்தாவின் பெட்டியில் 1962-ல் வந்த பழைய ஒரு ரூபாய் இருந்தால் எடுத்துப் பாருங்கள், சுத்த நிக்கல், டக்கென்று ஒட்டும். 1990-களின் ரெண்டு ரூபாயில் நிக்கல் கால் பங்கு, மீதி தாமிரம். ஒட்டாது. இப்போதைய ஒரு ரூபாயில் நிக்கலே இல்லை, குரோமியம் கலந்த இரும்பு. அதுவும் ஒட்டும், ஆனால் இரும்பால். இந்த மூன்று காசையும் மேசையில் வைத்தால் ஒரு வகுப்பு முழுக்க ஓடிவிடும்.

*

பதில்: ஜாலஹள்ளி_ரைடர்

இவ்வளவு தலைவலி எதற்கு ப்ரோ? 304 ஸ்டெயின்லெஸ்ல சைலன்சர் வளைத்துத் தருகிறார்கள். பிளேட்டிங்கே வேண்டாம். துரு வராது. முடிந்தது.

அப்புறம் ஒரு சந்தேகம். எனக்கு மட்டமான வாட்ச் பக்கில், ஜீன்ஸ் பட்டன் பட்ட இடம் எல்லாம் அரித்துச் சிவக்கிறது. அது குரோமா நிக்கலா?

*

பதில்: பீன்யா_டேங்க்

அரிப்பு நிக்கல். வியர்வையில் கரைந்து தோலுக்குள் போகிறது. நிறைய பேருக்கு உண்டு, ஒரு தடவை வந்தால் போகாது. பட்டன் பின்பக்கம் துணி தைத்துக்கொள்ளுங்கள்.

ஜாலஹள்ளித் தம்பி 304 என்கிறார். செய்யலாம், தப்பில்லை. ஆனால் அங்கேயும் இதே ரெண்டு பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், நாற்காலியை மட்டும் மாற்றிக்கொண்டு! 304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நம் வீட்டு எவர்சில்வர் தட்டு. அங்கே துருவைத் தடுப்பது குரோமியம். இரும்போடு பத்தரை சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்டால் கீறினாலும் அந்த ஆக்சைடு தோல் தானாக மறுபடி மூடிக்கொள்ளும். நிக்கல் அங்கே காவல்காரன் இல்லை, தகட்டை முறியாமல் குடமாகவும் தூக்காகவும் இழுக்க விடுகிற ஆள். பிளேட்டிங்கில் தலைகீழ். காப்பது நிக்கல், முகம் காட்டுவது குரோமியம். உங்கள் பெண் 'யார் ஜெயிக்கிறார்' என்று கேட்டதால் சொல்கிறேன். கலந்து உருக்கினதா, மேலே பூசினதா என்று கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்று, யெஸ்டிக்கு அந்தப் பழைய குரோமின் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம்தான் அழகு. எவர்சில்வர் சைலன்சர் மாட்டினால் டிபன் கேரியர் மாதிரி இருக்கும். இது என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள். நிக்கலோடு நிறுத்தினால் லேசாக மஞ்சள் ஓடும், ஆறு மாதத்தில் மங்கிவிடும். அதற்குத்தான் மேலே அந்த 0.3 மைக்ரான்.

டீச்சர் நிறத்தைச் சொன்னதும் கடை ஞாபகம். எங்கள் நிக்கல் டேங்க் கொத்தமல்லி அரைத்த தண்ணீர் மாதிரி பச்சை. நிக்கல் சல்ஃபேட், நிக்கல் குளோரைடு, போரிக் ஆசிட். 1916-ல் வாட்ஸ் என்பவர் சொன்ன கலவையைத்தான் இன்றைக்கும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஊற்றுகிறோம். டைட்டானியம் கூடையில் நிக்கல் துண்டு போட்டால் அது கரைந்து பீஸில் ஏறும். கொடுத்த கரன்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேலைக்குப் போகும். குரோம் டேங்க் நன்னாரி சர்பத் நிறம். அதில் குரோமியத் துண்டே கிடையாது. ஆனோடு ஈயம், அது கரையாது. லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் ஆசிட், அதில் நூறில் ஒரு பங்கு கந்தக அமிலம். குரோமியம் அந்தத் தண்ணீரிலிருந்தே வர வேண்டும். ஒரு அணுவுக்கு ஆறு எலக்ட்ரான், நிக்கலுக்கு ரெண்டே ரெண்டு. கரன்டில் பதினைந்து சதவீதம் உலோகமானால் பெரிய விஷயம், மீதி ஹைட்ரஜன் குமிழியாகப் பொங்கும். அந்தக் குமிழி வெடித்து மேலே பனி மாதிரி மிதக்கும் பாருங்கள், அதுதான் விஷம்.

நான் தொழில் கற்ற கடையில் (பெயர் சொல்லமாட்டேன்) டேங்க் ஓரத்தில் உறிஞ்சும் ஃபேன் கிடையாது. அங்கே இருந்த மேஸ்திரி ஒரு நாள் டீ குடிக்கும்போது விளையாட்டாக ஒரு நூலை ஒரு மூக்குத் துவாரத்தில் விட்டு அடுத்த துவாரம் வழியாக எடுத்துக் காட்டினார். நடுத்தண்டில் ஓட்டை. வலிக்கவே இல்லை என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எனக்கு அப்போது 20 வயது. குரோம் டேங்கில் இருக்கிற ஆறு இணைதிறன் குரோமியம் மூக்கோடு நிற்காது, நுரையீரலில் புற்றுநோய் வரவழைக்கும் என்று பின்னால்தான் தெரிந்தது. இப்போது என் டேங்கில் ஃபேன் இருக்கிறது, மேலே நுரை போர்வை இருக்கிறது. பையன்களை மாஸ்க் போட வைக்கத் தினமும் கத்துகிறேன்.

கழுவின தண்ணீரையும் அப்படியே சாக்கடையில் விட முடியாது. விட்டவர்கள் விட்டதால்தான் பீன்யாவில் சில போர்வெல் தண்ணீரில் குரோமியம் வந்தது. ஆசிட் ஊற்றி பி.எச். மூன்றுக்குக் கீழே இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டுக் கலக்கினால் மஞ்சள் தண்ணீர் கண் முன்னால் பச்சையாகும். குரோமியத்தின் இணைதிறன் ஆறிலிருந்து மூன்றாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு சுண்ணாம்பு போட்டால் சேறாக அடியில் உட்காரும். உங்கள் பெண்ணுக்கு விருப்பம் இருந்தால் கூட்டி வாருங்கள், அதைப் பார்க்க நன்றாக இருக்கும்.

*

பதில்: கேஜிஎஃப்_பையன்

அண்ணா, ரப்பர் பூட்டைத் தூக்கினேன். நீங்கள் சொன்ன மாதிரியே இடது பைப்பில் மிளகு தூவியது போல நாலைந்து குழி. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அட்டவணையில் 'பயன்' என்கிற கட்டத்தை அடித்துவிட்டு ரெண்டாகப் பிரித்து எழுதினாள்.

அக்கா சொன்ன காசு விஷயம்: 1962 கிடைக்கவில்லை, ஆனால் அப்பாவின் பெட்டியில் 1990-களின் ரெண்டு ரூபாய் எட்டு இருந்தன. ஒன்றும் ஒட்டவில்லை. அம்மா வந்து "காந்தத்தை வைத்து என்னடா புதையலா தேடுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கடைக்காரரிடம் பாதிக் காசு கொடுக்கவில்லை. "நிக்கல் எத்தனை நிமிஷம் வச்சீங்க?" என்று மட்டும் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார் உங்களுக்கு" என்றார். இனி நான் என்ன செய்வது? அதுவரை புள்ளி பரவாமல் இருக்க வழி உண்டா?

*

பதில்: பீன்யா_டேங்க்

சமையலறை அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தை விட மிருது, கீறாது, துருவை மட்டும் வழித்தெடுக்கும். காய்ந்ததும் வண்டி வேக்ஸ் பூசிவிடுங்கள். இது ஒரு மழைக்குத் தாங்கும், மருந்து இல்லை. எவர்சில்வர் ஸ்க்ரப்பர் பக்கம் போகாதீர்கள்.

மட்கார்டும் கிராஷ் கார்டும் சுலபம். சைலன்சர்தான் வம்பு. யெஸ்டி டூ ஸ்ட்ரோக், உள்ளே நாற்பது வருடக் கரியும் எரிந்த ஆயிலும் இருக்கும். அது நிக்கல் டேங்கில் கசிந்தால் அந்த வாரம் எனக்கு வேலையே ஓடாது. அதனால்தான் பாதிக் கடைக்காரர்கள் டூ ஸ்ட்ரோக் சைலன்சர் என்றாலே கையெடுத்துக் கும்பிடுவார்கள். நீங்கள் முதலில் உள்ளே சத்தம் குறைக்கும் பாஃபிளைக் கழற்றி, காஸ்டிக் சோடா தண்ணீரில் ரெண்டு நாள் ஊறவைத்து, கரி எல்லாம் கழுவிக் காயவைத்து எடுத்து வாருங்கள். கண்ணில் கண்ணாடி, கையில் ரப்பர் கையுறை கட்டாயம், பெண்ணைப் பக்கத்தில் விடாதீர்கள். ரெண்டு வாய்க்கும் நான் ரப்பர் கார்க் அடித்துக்கொள்கிறேன்.

கூடவே அதே மாதிரி இரும்பில் ஒரு சின்னத் துண்டும் கொடுங்கள். உங்கள் சைலன்சரோடு அதே ஜிக்கில் தொங்கவிடுகிறேன். குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் அடுக்கை அளக்கலாம், டீச்சர் காலேஜில் அந்த வசதி இருந்தால் உங்கள் பெண்ணே அளக்கட்டும். நிக்கல் 25 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் காசு வேண்டாம். சனிக்கிழமை மதியத்துக்கு முன்னால் வாருங்கள், அதற்குப் பிறகு டேங்க் ஃபில்டர் மாற்றுகிற வேலை இருக்கிறது.